அந்த ஒரு நாளுக்கு முன்னால்

"பிளாக் சப்பாத் முதல் ஆல்பத்தை ஒரே நாள்ல முடிச்சாங்க, தெரியுமா?" என்று யாராவது கண்கள் விரியச் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. தகவல் சரிதான். 1969 அக்டோபர் 16, லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோ, தயாரிப்பாளர் ரோட்ஜர் பெய்ன். மேடையில் வாசிப்பதைப் போலவே நாலு பேரும் சேர்ந்து வாசித்தார்கள். சுமார் பன்னிரண்டு மணி நேரம். மழையும் இடியும் மணியோசையும் பிறகு சேர்க்கப்பட்டவை. 1970 பிப்ரவரி 13 அன்று ஆல்பம் வந்தது; ஹெவி மெட்டலின் பிறந்தநாளாகப் பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

என் எரிச்சல், இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடத்தின் மேல். 'திறமை இருந்தா நேரம் எதுக்கு?' என்கிற பாடம்.

அந்த ஒரு நாள் அவர்கள் கேட்டு வாங்கியதல்ல. பெயரில்லாத, காசில்லாத பர்மிங்காம் பையன்களுக்கு ஒதுக்கப்பட்டதே அவ்வளவுதான். அதற்கு முன்பு ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் ஒரே நாளில் பல முறை மேடையேறியிருக்கிறார்கள். நேரத்தை நிரப்பப் பாட்டை இழுத்து இழுத்து வாசித்ததில்தான் அந்தக் கனம் கைக்கு வந்தது. ஸ்டுடியோவில் நடந்தது படைப்பு அல்ல, பதிவு. அறுவடை நாளை மட்டும் பார்த்துவிட்டு 'நெல்லு ஒரு நாள்ல விளைஞ்சுது' என்றா சொல்வோம்?

இதைவிட மோசமான கதை ஒன்றுண்டு. டோனி அயோமிக்கு 17 வயது. தகரத் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலை. இயந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோனது. இடது கைக்காரர் என்பதால் கிதாரில் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். 'அந்த விபத்து இல்லேன்னா மெட்டலே இல்ல' என்கிறார்கள், ஏதோ வரம் கிடைத்ததுபோல. இயந்திரம் எதையும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்தி தேடி மாட்டி, மறுபடி வாசிக்கக் கற்றது அந்தப் பையன். விரல் போன எல்லாத் தொழிலாளியும் அயோமி ஆகிவிடவில்லை. விபத்துக்கு நன்றி சொல்வது முதலாளியின் கணக்கு.

தந்தியைத் தளர்த்தியதால் வந்த கனம் என்பதும் சரியில்லை. சுருதியைக் கீழே இறக்கியது 1971இல், மூன்றாவது ஆல்பத்தில். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டின் முக்கிய ரிஃப்பில் இருப்பவை மூன்றே சுரங்கள்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்தியமம். இதைத்தான் சாத்தானின் இடைவெளி என்று பயமுறுத்துகிறார்கள். நம்ம கல்யாணியில் மங்களமாக உட்கார்ந்திருக்கும் அதே மத்தியமம்தான்! பயம் சுரத்தில் இல்லை. எவ்வளவு மெதுவாக வாசிப்பது, எங்கே நிறுத்துவது என்ற முடிவுகளில் இருக்கிறது. அந்த முடிவுகளை எடுத்தது பிசாசும் அல்ல, விபத்தும் அல்ல. வேலை தெரிந்த நாலு பேர்.

நாளைக்கு யாராவது உங்களிடம் 'சப்பாத்துக்கே ஒரு நாள் போதுமா இருந்துச்சே' என்று குறைந்த காசுக்கு அவசரமாக வேலை வாங்கப் பார்த்தால், ஹாம்பர்க் கதையைச் சொல்லுங்கள். அந்த நாட்களுக்கும் சேர்த்துக் கூலி கேளுங்கள்.