தென்னந்தோப்பு ட்ரஃபில்



டிசம்பர் இதழ் உங்கள் கைக்கு வரும்போது வீடுகளில் கேக் பேச்சு தொடங்கியிருக்கும். 'ஓவன் இல்லை, முட்டை சேர்ப்பதில்லை, பிள்ளைகளும் கூட உட்கார்ந்து செய்யும்படி ஒரு இனிப்பு சொல்லுங்களேன்' என்று இந்த மாதத்தில் உங்களில் பலர் எழுதுகிறீர்கள். இம்முறை என் பதில் சாக்லேட் ட்ரஃபில்.

அடுப்பில் இதற்கு ஐந்து நிமிட வேலைதான். சூடான க்ரீமில் சாக்லேட்டைக் குழைத்தால் கிடைப்பதை பேக்கரிக்காரர்கள் கனாஷ் என்பார்கள். அதைக் குளிரவைத்து, சிறு உருண்டைகளாக உருட்டி, கோகோ பவுடரில் புரட்டினால் ட்ரஃபில். மைதா இல்லை, பாகு இல்லை, கம்பிப் பதம் பார்க்கும் பதற்றமும் இல்லை. ஆனால் மொத்தமே மூன்று பொருள் என்பதால் ஒன்று சுமாராக இருந்தாலும் மறைக்க வழியில்லை. மைசூர்பாகில் நெய் மட்டமாக இருந்தால் முதல் விள்ளலிலேயே தெரிந்துவிடுகிறதே, அப்படி. அதனால் செய்முறைக்கு முன்னால் சாக்லேட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் சாக்லேட் கேட்டால் பெரும்பாலும் 'டார்க் காம்பவுண்ட்' பாளத்தை எடுத்துத் தருவார்கள். கோகோ பட்டருக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்துச் செய்வது அது. விலை குறைவு, வெயிலைத் தாங்கும், அச்சில் ஊற்றினால் தானாகவே இறுகும். அவசரத்துக்குக் கேக்கின் மேல் ஊற்ற உதவும், மறுக்கவில்லை. ட்ரஃபிலுக்கு மட்டும் வேண்டாம். கோகோ பட்டர் உருகுவது ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில். நம் உடல் சூடு 37 டிகிரி. கைக்குக் கெட்டியாகவும் வாய்க்குள் போனதும் கரைந்தும் போகிற அந்தச் சுகம் முழுக்க இந்தச் சிறு இடைவெளியில்தான் இருக்கிறது. வேறு கொழுப்பு அந்த வேலையைச் செய்வதில்லை. அண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கண்டுபிடிப்பது எளிது. உறையின் பின்பக்கம் உள்ள பொருள் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சாகியிருக்கும். கோகோ சாலிட்ஸ், கோகோ பட்டர், சர்க்கரை என்று இருந்தால் நல்ல சாக்லேட். ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட், பாம் கெர்னல் ஆயில் என்று முன்வரிசையில் இருந்தால் அது காம்பவுண்ட். முன்பக்கப் படத்தையும் பெயரையும் பார்த்து வாங்காதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வேன்.

நல்ல சாக்லேட்டின் விலை கூடுதல்தான். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவது ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில். அங்கே மழையும் செடி நோயும் விளைச்சலைக் கெடுத்ததால் 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியது. எங்கோ ஆப்பிரிக்காவில் பொய்த்த விளைச்சல் நம் தெருமுனைக் கடையில் விலைச்சீட்டை மாற்றுகிறது.

கோகோ நமக்கும் அந்நியமல்ல. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ வளர்கிறது. தென்னை நிழல் அதற்குத் தோதான நிழல். பழத்தை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளை எடுத்து, மூடி வைத்து ஐந்தாறு நாள் புளிக்கவிடுகிறார்கள். பிறகு வெயிலில் காயவைக்கிறார்கள். புளிக்காத விதையை எவ்வளவு பக்குவமாக வறுத்தாலும் சாக்லேட் மணம் வராது. அந்த மணத்துக்கு அஸ்திவாரம் தோப்பிலேயே விழுந்துவிடுகிறது, ஆலையில் அல்ல. இப்படி விதையிலிருந்தே சாக்லேட் செய்யும் சிறு நிறுவனங்கள் நம்மிடமும் வந்துவிட்டன. ஆரோவில்லின் மேசன் அண்ட் கோ அவற்றில் ஒன்று.

இந்த மாதம் நான் சொல்ல விரும்புகிற ட்ரஃபில் அந்தத் தோப்பிலிருந்தே வருகிறது. க்ரீமுக்குப் பதில் தேங்காயின் முதல் பால். ஒரே மண்ணில், ஒன்றின் நிழலில் மற்றொன்றாக வளர்ந்த இரண்டும் ஒரு கிண்ணத்தில் சேரட்டும். பால் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களும் சாப்பிடலாம் (பால் கலக்காத டார்க் சாக்லேட்தானா என்று உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்).

முற்றிய தேங்காயைத் துருவி, மிகக் குறைவாக வெந்நீர் தெளித்து அரைத்துப் பிழியுங்கள். அந்தப் பாலை இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டிப் பால் மேலே திரளும். அதில் 90 மில்லி எடுத்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, ஆவி கிளம்பும்வரை மட்டும் சூடாக்குங்கள். கொதித்தால் திரிந்துவிடும் என்பது சொதி வைக்கிறவர்களுக்குத் தெரிந்ததே. 55 முதல் 65 சதவீதக் கோகோ உள்ள டார்க் சாக்லேட் 200 கிராமைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்துக்கொண்டு, அதன்மேல் இந்தப் பாலை ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக மெதுவாகக் கிளறினால் பளபளவென்று சேர்ந்து வரும்.

க்ரீம்தான் வேண்டும் என்பவர்கள் 35 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் என்றால் 100 மில்லி எடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் ஃப்ரெஷ் க்ரீமில் பெரும்பாலும் 25 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் நீர் அதிகம். அதனால் ஒரு மேஜைக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சேர்த்து வைத்த பாலாடை இதற்குச் சரிப்படாது. சூட்டில் வெண்ணெய் தனியே பிரியும்.

கிளறும்போது எண்ணெய் பிரிந்து திரிதிரியாகத் தெரிந்தால் கொட்டிவிட வேண்டாம். கொழுப்பும் நீரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வெதுவெதுப்பான பாலோ தேங்காய்ப் பாலோ ஒரு தேக்கரண்டி விட்டு நிதானமாகக் கிளறுங்கள், கூடிவரும். இதற்கு நேர்மாறான ஒரு சங்கதியும் உண்டு: சாக்லேட்டைத் தனியாக உருக்கும்போது ஈரக் கரண்டியிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே அது கட்டிதட்டிப் போகும். பாத்திரமும் கரண்டியும் உலர்ந்திருக்கட்டும்.

கலவையை ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம், முடிந்தால் ஓரிரவு வையுங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டு சாக்லேட் செய்கிறவர்களுக்குக் குளிர் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. சென்னை, மதுரைக்காரர்கள் விடியற்காலையில் உருட்டுவதே நல்லது. கையைக் குளிர்ந்த நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, கோகோ பவுடர் தடவிக்கொண்டு, நான்கைந்து உருட்டியதும் கலவையை மறுபடி உள்ளே வைத்து எடுங்கள். நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினால் இருபத்தைந்து வரை தேறும். உருட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். உருண்டைகள் கோணலாகத்தான் வரும், வரட்டும். நிலத்துக்கடியில் கிடைக்கும் ட்ரஃபில் காளானைப் போல ஒழுங்கற்று இருப்பதுதான் இதற்கு அழகே.

புரட்ட கோகோ பவுடர் மட்டும்தான் என்றில்லை. தேங்காய்ப் பால் ட்ரஃபிலுக்கு வறுத்த தேங்காய்த் துருவல் பொருத்தம். கோகோவுடன் ஒரு சிட்டிகை சுக்குப்பொடி கலந்தால் தொண்டையில் இதமான காரம். வறுத்த எள்ளும் நன்றாக இருக்கும். எனக்குப் பிடித்தது நொறுக்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாய். ஆனால் ஈரம் பட்டால் அதன் மொறுமொறுப்பு போய்விடும் என்பதால் பரிமாறும் நேரத்தில்தான் புரட்ட வேண்டும். காபிப் பிரியர்கள் இரண்டு தேக்கரண்டி டிகாஷன் சேர்த்து, அந்த அளவுக்குப் பாலைக் குறைத்துக்கொள்ளலாம்.

சாக்லேட் பக்கத்து வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் நேற்றைய சாம்பாரும் இருக்குமானால் இறுக மூடும் டப்பா கட்டாயம். தேங்காய்ப் பாலில் செய்ததை மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். க்ரீமில் செய்தது ஒரு வாரம் தாங்கும். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதால் தேங்காய்ப் பால் ட்ரஃபிலுக்கு ஐந்து நிமிடமே மிகுதி. வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கோகோவில் உள்ள தியோபுரோமின் நாய்களுக்கு நஞ்சு.

இந்த டிசம்பரில் ஒருமுறையாவது செய்து பாருங்கள். கடைக்காரரிடம் காம்பவுண்ட் அல்லாத சாக்லேட் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். நாம் கேட்டால்தான் அவர் வரவழைப்பார். தேங்காய்ப் பாலா, க்ரீமா, எதில் செய்தீர்கள், எதில் புரட்டினீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். நல்ல சேர்க்கைகளைப் பொங்கல் இதழில் உங்கள் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்