டிஸ்சார்ஜ் ஆனால் போதுமா?

மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒருவர் அல்சரேட்டிவ் கோலைடிஸ் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்தால், சொந்தக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்ப டிஸ்சார்ஜ்?" ரத்தப்போக்கு நின்றது, ஊசி மாத்திரையானது, ஆள் வீடு திரும்பினார். சுபம்! சினிமாவில் வேண்டுமானால் அங்கே வணக்கம் போடலாம். இந்த நோயில் கதையே அங்கேதான் ஆரம்பம்.

ஒரு நாளைக்கு 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு பேதி, கூடவே காய்ச்சல், படபடப்பு, ரத்தசோகை என்று ஏதாவது இருந்தால் அது கடுமையான தாக்குதல். 1955-ல் இப்படி வகுத்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவும் விட்ஸும். கார்ட்டிசோன் இதில் பலன் தரும் என்று காட்டியதும் அவர்களே. அதற்கு முன் இது சர்வசாதாரணமாக ஆளைக் கொன்ற நோய். எனவே ஸ்டீராய்டைத் திட்டிப் பயனில்லை. திட்ட வேண்டியது, அதோடு வேலை முடிந்தது என்ற நினைப்பை.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் ஓல்ம்ஸ்டெட் கவுண்டியில் ஸ்டீராய்டு எடுத்த கோலைடிஸ் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2001-ல் வந்தது. ஒரு மாத முடிவில் 84 சதவீதம் பேருக்கு முழுதாகவோ ஓரளவோ பலன். ஒரு வருஷம் கழித்து? பலன் நீடித்தது 49 சதவீதம் பேருக்கு. 22 சதவீதம் பேரால் ஸ்டீராய்டை விட முடியவில்லை. 29 சதவீதம் பேருக்கு ஆபரேஷன்.

ஸ்டீராய்டு கைவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். 2005-ல் வெளியான ஸ்வீடன்-டென்மார்க் ஆய்வில் அந்த ஊசியை ஒரு தடவை போட்டார்கள். மூன்று மாதத்தில் பெருங்குடலை இழந்தவர்கள் 24-ல் 7 பேர். போலி மருந்துக் குழுவில் 21-ல் 14 பேர். அபார வெற்றி! ஆனால் மூன்று வருஷத்தில் அந்த 7 என்பது 12 ஆனது. ஊசி தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. போலி மருந்துக் குழுவின் கணக்கு அப்போது 16. ஒரு ஊசி நாட்களை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த நாட்களை என்ன செய்தோம் என்பதே கேள்வி.

இங்கே என்ன செய்கிறோம்? அசாதயோபிரின் போன்ற தொடர் மருந்தும் அதற்கான ரத்தப் பரிசோதனையும் இரண்டே மாதத்தில் நின்றுபோகின்றன. மறுபடி ரத்தம் கண்டால் தி.நகர் மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி பிரட்னிசோலோன். எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை வரும். குடல் மட்டும் ஆறாது. கடைசியில் அவசர ஆபரேஷன். நிதானமாகத் திட்டமிட்டுச் செய்திருந்தால் அதே ஆபரேஷன் எவ்வளவோ பத்திரமானது. அதைத் தோல்வி என்று பயமுறுத்தியே தள்ளிப்போடுகிறார்கள்.

"நோயாளிகள் திரும்பி வருவதில்லை, நாங்கள் என்ன செய்ய?" என்பது டாக்டர்களின் வழக்கமான பதில். இந்தச் சாக்கைச் சென்னையில் சொல்லக்கூடாது. 1956-ல் இதே ஊரில் தொடங்கிய காசநோய் சிகிச்சை மையம் 193 ஏழை நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வீட்டிலும் பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் ஒரு வருஷம் மருந்து கொடுத்தது. பிறகு ஐந்து வருஷக் கணக்கு வரை பார்த்தது. வீட்டு வைத்தியம் சளைத்ததல்ல என்று உலகத்துக்கே காட்டியது. செல்போன் இல்லாத காலம் அது. குடிசை வாசலுக்கே போய் விசாரித்தார்கள்.

எனவே டிஸ்சார்ஜ் தாளில் நான்கு விஷயங்கள் எழுதித் தரவேண்டும்: ஸ்டீராய்டு நிற்கும் தேதி, தொடர் மருந்தின் பெயர், அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது, மறுபடி வந்தால் யாரைக் கூப்பிடுவது. எழுதவில்லையா? கேட்டு வாங்குங்கள். "எப்ப டிஸ்சார்ஜ்?" என்பதை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.