பங்குக் கிராமத்தின் வரலாற்றைப் பங்கே எழுதட்டும்

1672இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு தடித்த புத்தகம் அச்சாகி வெளிவந்தது. எழுதியவர் பிலிப்பஸ் பல்தேயஸ், யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த ஒல்லாந்தப் போதகர். கோயில்களை ஊர்வாரியாக வரிசைப்படுத்தும் அவர் மன்னார்த் தீவையும் விட்டுவிடவில்லை. தோட்டவெளி, கரிசல், எருக்கலம்பிட்டி, பேசாலை, தலைமன்னார் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எழுத்துக்கூட்டலில் ஒல்லாந்தச் சாயல் படிந்திருந்தாலும், இன்று மன்னார் பஸ்ஸில் ஏறுகிறவர் நடத்துநரிடம் சொல்லி ரிக்கற் வாங்குகிற அதே பெயர்கள்தான்.

முந்நூற்றைம்பது வருடமாகப் பெயர்கூட மாறாத இந்த ஊர்களின் பழங்கதை வேண்டுமென்றால், வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியதைத்தான் முதலில் புரட்ட வேண்டியிருக்கிறது. போர்த்துக்கேயப் பாதிரிமாரின் கடிதங்கள், ஒல்லாந்தரின் தோம்புகள், 1888இல் மன்னாரைப் பற்றித் தனிநூல் எழுதிய ஆங்கிலேய அதிகாரி போக் என்று அந்த வரிசை நீள்கிறது. ஊரார் எழுதியவையும் இருக்கின்றன. ஆனால் அவை திருவிழா மலர்களிலும் ஆலயத் திறப்புவிழாச் சிறப்பிதழ்களிலும் சிதறிக் கிடக்கின்றன. மலர் வெளியான வருடம் வீட்டுக்கு வீடு இருக்கும். பத்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

இந்த நிலை மாறியாக வேண்டும். மன்னார் மறைமாவட்டத்தின் ஒவ்வொரு பங்கும் தன் கிராமத்தின் வரலாற்றைத் தானே எழுத வேண்டும். திருவிழாவையும் மறைக்கல்வியையும் போல அதுவும் பங்கின் வழக்கமான பணிகளில் ஒன்றாக வேண்டும்.

மூலப்பொருள் இல்லாத குறை கிடையாது. அறைவீட்டு அலுமாரியில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேட்டை ஒருமுறை விரித்துப் பார்த்தாலே போதும். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், ஞானஸ்நானம் கொடுத்த குருவின் கையெழுத்து எல்லாம் ஒரே வரியில் இருக்கும். இருபது முப்பது வருடம் கழித்து, வேறொரு மையில், வேறொரு குருவின் கையில், ஓரத்தில் ஒரு குறிப்பு ஏறியிருக்கும்: இன்ன தேதியில், இன்ன ஊர்க் கோயிலில், இன்னாரை மணந்தார். திருமணத்தை ஞானஸ்நானப் பதிவிலும் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்த ஓரக் குறிப்புகளை மட்டும் தொகுத்தாலே, பேசாலையிலிருந்து எந்தெந்த ஊருக்குப் பெண் போனது, வங்காலைக்கு எங்கிருந்தெல்லாம் மாப்பிள்ளை வந்தார் என்ற உறவு வரைபடம் கிடைத்துவிடும். ஞானப்பெற்றோர் பெயர்களைப் பார்த்தால் எந்தச் சம்மாட்டிக்கும் எந்தத் தொழிலாளி வீட்டுக்கும் நெருக்கம் இருந்தது என்பதும் தெரியவரும். குரூஸ், டயஸ், லெம்பேட், பிகிராடோ, குலாஸ் என்ற பெயர்கள் எந்தத் தலைமுறையில் எந்த ஊருக்கு வந்து சேர்ந்தன என்பதையும் தேடலாம். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியபோது புன்னைக்காயலிலிருந்து பரதவக் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. அந்தக் குடியேற்றத்தின் தடத்தை முத்துக்குளித்துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பின்தொடர முயலலாம்.

இப்படி ஓர் ஊரின் ஏட்டை வைத்து அந்த ஊரையே எழுதுவதில் ஜெர்மனிக் கிராமங்கள் தேர்ந்தவை. சில நூறு பேர் வாழும் விவசாயப் பங்குக்கும் அங்கே ‘ஊர்க் குடும்பப் புத்தகம்’ உண்டு. கோயில் பதிவேடுகளிலிருந்து ஒவ்வொரு குடும்பத்தையும் தலைமுறை தலைமுறையாகக் கோத்து, எந்த வீட்டில் யார் இருந்தார், என்ன தொழில் செய்தார் என்று எழுதிவைப்பார்கள். பெரும்பாலும் இதைச் செய்பவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஊர்ச் சங்கத்தாருமே. ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்கவேண்டும் என்று திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. அப்படி எழுதப்பட்ட ஏடுகள் பலவும் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் எரிந்துபோயின. ஏடு போன ஊரார் வரிக்கணக்கிலும் நீதிமன்ற ஆவணத்திலும் தேடி, கிடைத்த பெயர்களைக் கொண்டு மீண்டும் எழுதினார்கள். போர் தின்ற ஊர் என்பதில் அவர்களுக்கும் மன்னாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த நாட்டோடு மன்னாருக்கு வேறோர் உறவும் உண்டு. போருக்குத் தப்பி ஜெர்மனிக்குப் போன ஈழத்தமிழர்கள் ஒவ்வோர் ஆகஸ்டிலும் கெவிலார் மாதா கோயிலில் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். மன்னாரின் மடு மாதா கோயிலுக்குப் போக முடியாத ஏக்கத்தை அங்கே தீர்த்துக்கொள்கிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை ‘அம்மாவின் ஊர் பேசாலை’ என்று சொல்லும்போது, அந்த ஊரைக் காட்ட ஒரு புத்தகமாவது கையில் இருக்க வேண்டாமா?

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மன்னாரிலேயே சான்று இருக்கிறது. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி மன்னாருக்குப் படையோடு வந்து, புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய அறுநூறு எழுநூறு பேரைக் கொன்றான் என்று அக்காலக் கத்தோலிக்கப் பதிவுகள் கூறுகின்றன. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவர்கள். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவர்கள் நினைவைச் சுமந்து நிற்கிறது. ஆனால் கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. 

2018இல் மன்னார் நகர வாசலில் சதொச கட்டிடத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் எடுக்கப்பட்டன; அவற்றில் சிறுவர்களும் இருந்தார்கள். அவை நூற்றாண்டுகள் பழையவை என்று 2019இல் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் கரிமப் பரிசோதனை சொன்னது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அதை ஏற்கவில்லை. இத்தனை வருடம் ஏமாற்றப்பட்டவர்கள் உடனே ஏற்பார்கள் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அந்த மண்ணில் எந்தக் காலத்தில் என்ன இருந்தது, சுடுகாடா, இடுகாடா, போர்க்களமா என்று எடுத்துக்காட்டும் உள்ளூர் ஆவணம் இருந்திருந்தால் அந்த விவாதம் இவ்வளவு இருட்டில் நடந்திருக்காது.

ஏட்டின் வலிமையை நன்றாக அறிந்தவர் மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு யோசேப். 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்த எண் உலகெங்கும் பேசப்பட்டது. வன்னியில் 2008 ஒக்டோபரில் 4,29,059 பேர் இருந்ததாகக் கச்சேரிக் கணக்கு காட்டியது. போர் முடிந்தபின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கண்ணீரோடு கேட்ட கேள்விதான். ஆனால் அது நின்றது அரசின் சொந்தப் பதிவுகளின் மேல். அதனால்தான் அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

பதிவேட்டில் ஏறாதவையும் ஏராளம். பேசாலையில் தவக்காலத்தில் உருவங்களைக் கொண்டு கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் உடக்குப்பாஸ், மாதோட்டப் பாங்கில் ஆடிய கூத்துகள், கரைவலைப் பாடுகளின் பெயர்கள், எந்த மாதத்தில் எந்தக் காற்று, எங்கே எந்த மீன் என்பதெல்லாம் முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசவுந்தரி’ ஆகிய நாடகங்களைப் பதிப்பித்திராவிட்டால், மன்னார் அண்ணாவிமாரின் கொப்பிகளோடு அவையும் செல்லரித்துப் போயிருக்கும்.

அண்மைய காலத்தையும் தயங்காமல் எழுத வேண்டும். 1985 ஜனவரி 6இல் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் கொல்லப்பட்டார். 2006 ஜூன் 17இல் பேசாலை வெற்றி அன்னை ஆலயத்துக்குள் அடைக்கலம் தேடிய மக்கள்மீது கைக்குண்டு வீசப்பட்டது. ஒரு மூதாட்டி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அன்று கோயிலுக்குள் இருந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஊரைவிட்டுப் படகேறி மண்டபம் முகாமில் வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு எழுத இதைவிட நல்ல காலம் வராது.

இன்னொரு பொறுப்பும் உண்டு. பல்தேயஸ் பட்டியலில் கோயிலோடு வருகிற எருக்கலம்பிட்டி இன்று முஸ்லிம்களின் ஊர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் மன்னார்த் தீவின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பக்கத்து ஊர் வெறுமையான அந்த நாட்களைச் சொல்லாத கத்தோலிக்கக் கிராம வரலாறு அரை வரலாறுதான். எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசலும் பேசாலைக் கோயிலும் சேர்ந்து உட்கார்ந்து எழுதவேண்டிய அத்தியாயம் அது.

அவசரத்துக்குக் காரணம் முதியவர்களின் வயது மட்டுமல்ல. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் 2020 முடிவில் சுழலத் தொடங்கின. மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து 2025 ஆகஸ்டில் மக்கள் குருக்களோடு வீதிக்கு இறங்கினார்கள். பாடு எங்கே, வாடி எங்கே, பழைய சேமக்காலை எங்கே, மழைவெள்ளம் வடியும் வழி எது என்று பெயரோடும் வரைபடத்தோடும் எழுதிவைத்திருக்கும் ஊரிடம் ‘இது வெறும் மணல்’ என்று எந்த அதிகாரியும் சொல்லிவிட முடியாது.

எங்கே தொடங்குவது? முதலில் பதிவேடுகளைப் படம்பிடிக்க வேண்டும். உப்புக்காற்றும் கறையானும் காத்திருக்கப் போவதில்லை. இந்த வேலையில் பழகிய நூலகம் நிறுவனம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. உயிரோடிருப்பவர்களின் விவரங்களைப் பொதுவில் வைக்கக் கூடாது. ஜெர்மனியில் அரசுப் பதிவேடுகள் பிறப்புக்கு 110, திருமணத்துக்கு 80, இறப்புக்கு 30 ஆண்டுகள் கழிந்த பின்பே ஆய்வுக்குத் திறக்கின்றன. அதுபோல ஓர் எல்லையை ஆயர் இல்லம் வகுக்கலாம். அடுத்து, பங்குக்கு ஒரு சிறு குழு: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அண்ணாவி ஒருவர், கடற்தொழிலாளர் சங்கத்தில் ஒருவர், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் சிலர். அவர்கள் எழுதுவதைச் சரிபார்க்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையை நாடலாம். மன்னார் மறைமாவட்டம் உருவானது 1981 ஜனவரி 24. பொன்விழாவுக்கு 2031இல் மலர் போடத்தான் போகிறார்கள். அந்தச் செலவில் தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார், வங்காலை, அரிப்பு ஆகிய ஐந்து ஊர்களின் புத்தகங்களை முதலில் கொண்டுவரட்டும்.