இரத்தம் சிந்தாத தண்டாயுதமா?

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன் போர்வீரர்கள் கையாண்ட இரும்புத் தண்டாயுதங்களைப் பார்த்து, அதே மாதிரியாகப் புதிதாய்ச் செய்து விற்கும் வியாபாரம் இன்று நடந்து வருகிறது. நம் நாட்டு டேராடூனில்கூட இத்தகைய பழங்கால ஆயுதப் போலிகளைச் செய்து மேனாடுகளுக்கு அனுப்புகிறார்கள். இதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. போலியைப் போலி என்று சொல்லி விற்பவன் யாரையும் ஏமாற்றவில்லை.

ஆனால், இந்த ஆயுதத்தோடு ஒரு புளுகும் சேர்ந்து விலை போகிறது. மதகுருமார் இரத்தம் சிந்தக் கூடாதாம்; ஆதலால் பிஷப்புகள் கத்தியை விட்டுத் தண்டாயுதம் எடுத்தார்களாம்! 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டிலும், குருமார் கூரிய ஆயுதம் தொடக் கூடாது என்றே விதி வைத்தார்கள்.

இதற்கு ஆதாரம் என்ன? 1066-ல் நடந்த ஹேஸ்டிங்ஸ் யுத்தத்தைக் காட்டும் பாயோ சித்திரத் துணியில் ஓடோ பிஷப் கையில் குண்டாந்தடி இருக்கிறது என்கிறார்கள். இருப்பது மெய்தான். ஆனால் அதே துணியில், அவருடைய தாய்வழி அண்ணனும் படைத் தலைவனுமான வில்லியம் கையிலும் தடி இருக்கிறதே! வில்லியம் எந்தக் கோயிலுக்குக் குரு? மேலும், குருமார் ஆயுதமே எடுக்கலாகாது என்று மதச் சபைகள் பலமுறை தடுத்தனவேயன்றி, கத்தி கூடாது, தடி கூடும் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடவில்லை.

அது கிடக்கட்டும். சரியாகச் செய்த போலி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அசல்களைப் போலவே பெரும்பாலும் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ எடைதான். தலையைச் சுற்றி இரும்பு இதழ்கள் நிற்கும். எதற்காக? அடியின் வேகம் முழுவதும் அந்த இதழின் விளிம்பில் குவிந்து, எதிரியின் இரும்புக் கவசத்தையே நசுக்க வேண்டும் என்பதற்காக. கவசத்தை நசுக்கும் விளிம்பு வெறும் மண்டையில் விழுந்தால், இரத்தம் வராமல் பன்னீரா வரும்?

தோழர்களே! ஆயுதத்தின் போலியால் கேடில்லை. கருணையின் போலியால்தான் கேடு. கொல்லுவதையும் கொன்று, அதற்கு ஜீவகாருண்யம் என்று பெயரும் சூட்டுகிறவன் எந்த நாட்டில், எந்த மதத்தில் இருந்தாலும், அடித்தவனுடைய சாஸ்திரத்தைக் கேட்பதற்கு முன் அடிபட்டவனுடைய மண்டையைப் பாருங்கள்.