சின்னக் கியரில் ஏறும் மலை



கடந்த மாதம் எங்கள் மகளிர் குழுக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அங்கத்தவர் ஒருவரின் பதினைந்து வயது மகன் தன் கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் கொண்டுவந்து காட்டினான். வளைந்து வளைந்து மேலேறும் மலைப்பாதை. அதில் நூற்றுக்கணக்கானோர் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இளைஞர்கள், நரைத்த தலைக்காரர், பெண்கள் என்று எல்லாரும் கலந்து போனார்கள். சிலர் இறங்கித் தள்ளிக்கொண்டும் போனார்கள்.

"உது என்ன தம்பி?" என்று ஓர் அம்மா கேட்டார்.

"ரேஸ் அம்மம்மா. காசு கட்டித்தான் ஓடவேணும்."

"காசு கட்டியோ மலையிலை ஏறுகினம்? எங்களுக்கு உது சும்மாவே கிடைச்சுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் காணொளி, அன்று கூட்டத்துக்கு வராத ஓர் அக்காவை எனக்கு நினைவுபடுத்தியது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மலையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள வாஷிங்டன் மலை. உயரம் 1917 மீற்றர். எங்கள் நுவரெலியா நகரமும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வீசும் காற்று வேறு மாதிரி. 1934 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீற்றர் வேகக் காற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1861 இல் குதிரை வண்டிகளுக்காகத் திறக்கப்பட்ட பாதை ஒன்று அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் போகிறது. நீளம் சுமார் 12 கிலோமீற்றர். சராசரியாக ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் 12 மீற்றர் மேலே ஏறவேண்டும். முடிவுக்கோட்டுக்குக் கிட்ட உள்ள சிறிய துண்டில் அது 22 மீற்றர் ஆகிறது. கடைசி மூச்சை வாங்குவதற்கென்றே வைத்ததுபோல் இருக்கும்.

ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில் இந்தப் பாதையில் சைக்கிள் ஏற்றப் போட்டி நடக்கும். அதன் வருமானம் சிறுவர்களுக்கு இயற்கையைப் பற்றிக் கற்பிக்கும் ஒரு நிலையத்துக்குப் போகிறது. வயதுப் பிரிவுகள் உண்டு. பெண்களுக்குத் தனிப்பிரிவு உண்டு. இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளிலும், ஒற்றைச் சில்லுச் சைக்கிளிலும்கூட ஏறுகிறார்கள். 2000 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் ஜானி லோங்கோ இதை 58 நிமிடம் 14 செக்கனில் ஏறிப் பெண்களுக்கான சாதனையை நிலைநாட்டினார். அப்போது அவருக்கு 41 வயது. நாற்பது கடந்தால் பெண்ணுக்கு எல்லாம் முடிந்தது என்று எங்கள் ஊரில் சொல்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அது வசதியுள்ளவர்களின் போட்டி. நுழைவுக் கட்டணம் பெரிது, சைக்கிளின் விலை அதைவிடப் பெரிது. எங்கள் அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அங்கே எப்படி ஏறுகிறார்கள் என்று வாசித்துப் பார்த்தபோது, எங்களுக்கும் எடுத்துக்கொள்ளச் சில விடயங்கள் இருப்பதை உணர்ந்தேன்.

முதலாவது, கியர். மலைச் சைக்கிள் பிறந்த கதையே இதில்தான் இருக்கிறது. 1970களில் கலிபோர்னியாவின் தமல்பைஸ் மலைப்பக்கத்தில் சில இளைஞர்கள், குப்பைக்குப் போகவிருந்த பழைய தடித்த ரயர் சைக்கிள்களைத் தேடியெடுத்து மண்பாதைகளில் ஓடினார்கள். 1976 இல் 'ரிபாக்' என்ற போட்டியைத் தொடங்கினார்கள். அது இறக்கப் போட்டி. இறங்கும்போது பிரேக் சூடாகி உள்ளிருக்கும் கிறீஸ் எரிந்து போகும். திரும்பவும் கிறீஸ் அடைக்கவேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். அந்தச் சைக்கிள்களில் இறங்கலாம், ஏறுவது மிகக் கடினம். பாரம் கூட, கியர் ஒன்றுதான். ஆகவே மேலே தள்ளிக்கொண்டு போவார்கள், அல்லது ட்ரக்கில் ஏற்றிப் போவார்கள். பிறகு பல கியர்களைப் பூட்டினார்கள். 1977 இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிய சட்டகம் செய்தார். அதன்பின் அதே மலையில் மிதித்தே ஏற முடிந்தது. அந்தக் கூட்டத்தில் வெண்டி கிராக் என்ற பெண்ணும் சேர்ந்து ஓடினார். அந்த நாட்களைப் படம்பிடித்து வைத்தவரும் அவரே.

கியர் என்ன செய்கிறது? நாங்கள் ஓடும் சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் ஏறக்குறைய ஐந்து மீற்றர் போகும். மலைச் சைக்கிளின் மிகச் சின்னக் கியரில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீற்றர் போவதே பெரிய காரியம். கால் அதிக தடவை சுற்றவேண்டும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய பலம் குறைவு. மலையின் உயரம் குறையவில்லை. அதைச் சிறு சிறு துண்டாக்கி ஏறுகிறோம், அவ்வளவுதான். போட்டிக்கு வருகிறவர்கள் தங்கள் காலுக்கேற்ற கியரை முன்கூட்டியே பூட்டிக்கொண்டு வருகிறார்கள். சின்னக் கியர் பூட்டியவரை யாரும் கேலி செய்வதில்லை.

இரண்டாவது, தொடக்கம். இளவயதினர் செய்யும் பிழை, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து முதல் ஒரு கிலோமீற்றரில் வேகமாக மிதித்துவிடுவது. மூச்சு வாங்கும், கால் இறுகும், பாதி வழியில் நின்றுவிடுவார்கள். பழகியவர்களோ பக்கத்தில் வருபவருடன் இரண்டு சொல் பேசக்கூடிய மூச்சில்தான் தொடங்குவார்கள்.

மூன்றாவது, இறங்குவது. இந்தச் செய்திதான் என்னை மிகவும் தொட்டது. வாஷிங்டன் மலையில் ஏறியவர்கள் சைக்கிளில் இறங்க அனுமதி இல்லை. களைத்த உடம்போடு அந்தச் சரிவில் இறங்குவது ஆபத்து. ஆகவே ஏறுகிற ஒவ்வொருவரையும் கீழே கொண்டுவர உச்சியில் ஒரு வாகனம் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கவேண்டும். மேலே குளிர் என்பதால் போர்த்துவதற்கு உடுப்பும் அங்கே இருக்கவேண்டும். தனியாக ஏறினாலும் மேலே காத்திருக்க ஆள் வேண்டும் என்பது அங்கே ஒரு விதி.

சமூகவியல் படித்தவள் என்பதால் இன்னொன்றையும் கவனித்தேன். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான வீதிச் சைக்கிளோட்டம் 1896 இலேயே இருந்தது. பெண்களுக்கு 1984 இல்தான் இடம் கொடுத்தார்கள். 88 ஆண்டுகள்! ஆனால் மலைச் சைக்கிள் 1996 இல் ஒலிம்பிக்குக்கு வந்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆண்டில் வந்தது. அந்த முதல் பெண்கள் பதக்கத்தை வென்றவர் இத்தாலியின் பவோலா பெற்சோ. அதற்கு முன் 1990 இல் முதலாவது உலகப் போட்டியில் வென்ற ஜூலி ஃபர்ட்டாடோ, பனிச்சறுக்கு விளையாட்டில் முழங்கால் பழுதாகி, அதன்பின் சைக்கிளுக்கு வந்தவர். ஒரு பாதை மூடப்பட்டபோது வேறொரு மலையைத் தேடிக்கொண்டார்.

சைக்கிள் எங்களுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் எரிபொருள் தடையிருந்த காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோது முழு நாடும் அதற்குத் திரும்பியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்ட அந்த இரவு நான் சிறுபிள்ளை. கரியரில் உடுப்பு மூட்டை, அதன்மேல் நான். அம்மாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. தெரிந்தவர்களும் அன்று ஓடவில்லை. சனநெரிசலில் எல்லாரும் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். தள்ளிப் போனவர்களைப் பின்தங்கியவர்கள் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

இனி அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் சுழற்சிமுறைக் கடன் கொடுக்கிறோம். அவர் அதில் கோழி வளர்த்தார். நோய் வந்து பெரும்பாலானவை செத்துவிட்டன. தவணை தவறியது. ஒவ்வொரு கூட்டத்திலும் நான் கட்டியவர்களின் பெயர்களை முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்தி வாசிப்பேன். நன்றாகக் கட்டுபவர்கள் மற்றவர்களுக்கு முன்மாதிரியாவார்கள் என்பது என் எண்ணம். அவருடைய பெயர் தொடர்ந்து கடைசியில் வந்தது. மூன்றாவது மாதம் அவர் வரவில்லை. நான்காவது மாதமும் வரவில்லை.

காணொளி பார்த்த அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். படுக்கையில் தாய். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். 2009 இல் அவரின் காலில் ஏறிய செல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான், எங்கள் கோப்பிலும் இருக்கின்றன.

"கடனை ஏமாத்தமாட்டன் மிஸ். ஆனா என்ரை பேரைக் கடைசியா வாசிக்கிறதைக் கேக்க வரமாட்டன்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே தொகை, ஒரே தவணை, ஒரே கால எல்லை கொடுத்தோம். அதைச் சமத்துவம் என்றும் நினைத்தோம். ஆனால் எல்லாரும் ஒரே கோட்டிலிருந்தா புறப்பட்டார்கள்? காசு கட்டி ஏறும் போட்டியில்கூட வயதுக்கொரு பிரிவு, காலுக்கேற்ற கியர், மேலே காத்திருக்க ஆள் இருக்கிறது. எங்கள் குழுவில் அது இருக்கவில்லை. பிழை என்னுடையது. அதை அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

இம்மாதக் கூட்டத்தில் இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, பெயர் வரிசை இனி வாசிக்கப்படாது. கணக்கை அவரவருக்குத் தனியே காட்டுவோம். மற்றது, கஷ்டப்படுபவருக்குத் தவணையை அரைவாசியாக்கி மாதங்களைக் கூட்டலாம். எல்லாரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பிடியெண்டால் ஒழுங்காய்க் கட்டுற நாங்கள் முட்டாள்களோ?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நீண்ட நேரம் கதைத்தோம். கட்டவேண்டிய மொத்தத் தொகையில் ஒரு சதமும் குறையவில்லை, மிதி மட்டும்தான் சிறிதாகிறது என்று விளங்கியபின் அவரும் கையுயர்த்தினார். அந்த அக்கா அன்று பிந்தி வந்து பின்வரிசையில் இருந்தார். சிறிய தொகை ஒன்றும் கட்டினார்.

சகோதரிகளே, நுண்கடன்களால் எங்கள் பெண்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு எச்சரிக்கை. வட்டி எடுக்கும் நிறுவனமொன்றில் தவணையைக் குறைத்தால், கூடும் மாதங்களுக்கும் வட்டி ஏறலாம். மொத்தமாக எவ்வளவு கட்டவேண்டி வரும் என்று முதலில் கேளுங்கள். அதை எழுத்தில் வாங்குங்கள். விளங்காவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள். கட்ட முடியாத மாதத்தில் ஒளிந்திருக்காமல், முதல் தவணை தவறும்போதே போய்ச் சொல்லுங்கள்.

உங்கள் குழுவில் வராமல் விட்டவர் யார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். கணக்குக் கொப்பியை அன்றைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அந்தத் தம்பிக்கு மலைச் சைக்கிள் வேண்டுமாம். "முதலிலை என்ரை பழைய சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுத் தா, பாப்பம்" என்று தாய் சொல்லியிருக்கிறார். அவரும் இப்போது மாலையில் சைக்கிள் பழகுகிறார். வயது 43. பழக்குவது மகன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.