புல்மோட்டை மணலும் சீனத்துப் படிப்பும்

குச்சவெளியிலிருந்து திருகோணமலை நகருக்குச் சரக்கெடுக்கப் போகும் எமது வர்த்தகர்கள் ஒவ்வொரு தடவையும் கோணேசபுரியைக் கடந்தே செல்கின்றனர். 2001இல் தரமுயர்த்தப்பட்ட கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அங்கேதான் இருக்கின்றது. வியாபாரக் கற்கைக்கென்று ஒரு பீடமும் அங்கு உண்டு. அதன் வாசலுக்குள் காலடி வைத்த வர்த்தகர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் எமது கடைகளில் சீனப் பொருள் இல்லாத தட்டு இல்லை. கூலி குறைவு, அதனால் மலிவு என்று பேச்சை முடித்துக்கொள்கிறோம். கூலி குறைந்த நாடுகள் வேறும் உண்டு. அங்கிருந்தெல்லாம் எமக்குத் தண்ணீர்ப் பம்பு வரவில்லையே! சீனா சென்றேனும் கல்வி தேடச் சொல்லும் செய்தியை மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதன் அறிவிப்பு பலவீனமானது என்பர் உலமாக்கள். அது இருக்கட்டும், சீனர் என்ன செய்தனர் என்று பார்ப்போம்.

கலாசாரப் புரட்சியின்போது 1966இல் நிறுத்தப்பட்ட பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை அங்கு 1977இல்தான் மீண்டும் நடந்தது. ஏறக்குறைய 57 இலட்சம் பேர் எழுதினர். இடம் கிடைத்தது சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரம் பேருக்கு. 1998இல் 10.8 இலட்சமாக இருந்த அனுமதியை அடுத்த ஆண்டே ஏறத்தாழ 16 இலட்சமாக்கினர். ஆசிய நிதி நெருக்கடியால் சந்தை மந்தமாகியிருந்த நேரம் அது. வீடுகளில் முடங்கிய சேமிப்பு, பிள்ளைகளின் படிப்புச் செலவாக வெளியே வரட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. வியாபாரிக்கு உடனே விளங்கும் கணக்கு!

2023இல் உயர்கல்விச் சேர்க்கை 60 வீதத்தைத் தொட்டது. அதே ஆண்டு ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 வீதம். ஆக, கதவை அகலத் திறந்தால் மட்டும் போதாது.

எனக்குப் பெரிதாகப் படுவது 1952இல் செய்த வேலைதான். சோவியத் முறையைப் பின்பற்றி உருக்கு, சுரங்கம், பெற்றோலியம், நிலவியல் என்று தொழிலுக்கொரு உயர்கல்வி நிறுவகம் அமைத்தனர். அப்படிச் சாங்ஷா நகரில் எழுந்த சுரங்க, உலோகவியல் நிறுவகம்தான் 2000இல் வேறு இரண்டுடன் இணைந்து மத்திய தெற்குப் பல்கலைக்கழகம் ஆனது. மண்ணுக்குள் இருந்ததையே பாடமாக்கினர்.

எமது பிரதேச செயலகப் பிரிவிலேயே புல்மோட்டை இருக்கின்றது. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கிய நாள் முதல் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் என்று பிரித்துக் கப்பலேற்றுவதே பெரும்பாலும் எமது வேலை. பெயின்ற், பிளாஸ்டிக், கடதாசிக்கு வெண்மை தரும் ரைற்றேனியம் நிறமியை இல்மனைட்டிலிருந்து எடுக்கலாம். இன்று உலகில் அதை அதிகம் உற்பத்தி செய்வது சீனா. மணலாகப் போவதை வாளிக் கணக்கில் வாங்கி விற்று, அதில் கிடைக்கும் சில்லறை இலாபத்தைக் கல்லாவில் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நிறமித் தொழிற்சாலை கட்ட எமது கைமுதல் போதாது. அது அரசாங்கத்தின் பாடு. ஆனால் சாதாரண தரத்தில் கணிதத்தில் 'ஏ' எடுத்த மகனைக் கடையில் உட்கார வைப்பதும், கட்டார் விசாவுக்குப் பணம் கட்டுவதும் நாம் எடுக்கும் முடிவுகள். மாரி காலத்தில் கருவாடு பூஞ்சணம் பிடித்து ஆண்டுதோறும் நட்டப்படுகிறோம். எவராவது அதை ஒரு கேள்வியாக வளாகத்துக்குக் கொண்டு போயிருக்கிறோமா? வர்த்தகர்கள் நாலு பேர் சேர்ந்து பீடாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதலாம். மாணவர் ஒருவரின் ஆய்வுச் செலவை ஏற்கலாம். அடுத்த மாரிக்கு முன் எழுதுவதென்றால் நானும் கையொப்பமிடத் தயார்.