கூடங்குளம்: கரண்ட் சரி, சாம்பல் எங்கே?

கூடங்குளம்னு வாயைத் திறந்தாலே நம்ம மக்கள்கிட்ட ரெடியா ஒரு கேள்வி இருக்கு. "உங்க வீட்டுல ஃபேன் ஓடணுமா, வேணாமா?" ஓடணும் சாமி. நான் கேக்கறது வேற. அடுப்பு எரிஞ்சா சாம்பல் விழும்ல, அதை எங்க கொட்டப் போறீங்க?

1988ல ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்துப் போட்டப்போ, எரிஞ்சு முடிஞ்ச எரிபொருளை சோவியத் யூனியனே திருப்பி எடுத்துக்கும்னுதான் ஏற்பாடு. அப்புறம் சோவியத் யூனியனே காணாமப் போச்சு. 1998ல ரஷ்யாவோட போட்ட துணை ஒப்பந்தத்துல அது இந்தியாவுலயே இருக்கட்டும்னு ஆயிடுச்சு.

"அதைக் குப்பைன்னு சொல்லாதீங்க, அதுல புளுட்டோனியம் இருக்கு, பிரிச்செடுத்து மறுபடி எரிக்கலாம்"னு விவரம் தெரிஞ்சவங்க வருவாங்க. நல்லது, எரிங்க. பிரிச்ச பிறகும் மிஞ்சற கழிவை எங்க வைப்பீங்க? பிரிக்கற வரைக்கும் மொத்தத்தையும் எங்க வைப்பீங்க? புளுட்டோனியம்-239 பாதியாக் குறையவே சுமார் 24,000 வருஷம் ஆகும். ராஜராஜன் பெரிய கோயில் கட்டி இப்பத்தான் ஆயிரம் வருஷம் தாண்டியிருக்கு.

இனிமேதான் முக்கியமான கூத்து. 2012 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்துல இதே கேள்வி வந்தப்போ, மத்திய அரசுத் தரப்புல கோலார் தங்கச் சுரங்கத்தைக் கை காட்டினாங்க. கர்நாடகாவே கொதிச்சுப் போச்சு. சில நாள்லயே "அப்படி ஒரு திட்டமே இல்லை"ன்னு பின்வாங்கிட்டாங்க. கோலார் மக்களை யாரும் தேசத்துரோகின்னு சொல்லலை. சொல்லவும் கூடாது.

அதே 2012ல இடிந்தகரையில என்ன நடந்துச்சு? ஃபுகுஷிமாவை டிவியில பார்த்துட்டு, 2011ல இருந்து மாதா கோயில் வாசல்ல பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்த ஜனங்க அவங்க. பிப்ரவரியில பிரதமர் மன்மோகன் சிங், இதுக்குப் பின்னால அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருக்குன்னார். செப்டம்பர்ல கடற்கரையில கண்ணீர்ப்புகை. மணப்பாட்டுல துப்பாக்கிச் சூடு, ஒரு மீனவர் செத்துப் போனார். தேசத்துரோகச் சட்டம் பாய்ஞ்சது ஒருத்தர் ரெண்டு பேர் மேல இல்லைங்க, ஆயிரக்கணக்கான பேர் மேல!

கோலார்ல வேணாம்னா மக்களோட நியாயமான அச்சம். இடிந்தகரையில வேணாம்னா அந்நியச் சதி. என்ன கணக்கு இது?

2013 மே மாசம் உச்ச நீதிமன்றம் உலைக்குப் பச்சைக்கொடி காட்டுச்சு. அதே தீர்ப்புல போராட்டக்காரங்க மேல இருக்கற வழக்குகளை வாபஸ் வாங்க முயற்சி எடுங்கன்னும் சொன்னதை நம்மள்ல எத்தனை பேர் கவனிச்சோம்? எரிஞ்ச எரிபொருளுக்கு உலைக்கு வெளியே தனிக் கிடங்கு 5 வருஷத்துலன்னு பேச்சு. 2018ல மறுபடி கோர்ட்டுக்குப் போய் 2022 வரைக்கும் அவகாசம் வாங்கினாங்க. 2019 ஜூலையில கிடங்குக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம்னு தேதி குறிச்சாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் தள்ளி வச்சாங்க.

கான்கிரீட் மட்டும் எதுக்கும் காத்திருக்கலை. 2017ல மூணாவது உலைக்கு, 2021ல அஞ்சாவது உலைக்குன்னு கொட்டியாச்சு. ஆக மொத்தம் ஆறு அடுப்பு. அத்தனைக்கும் சாம்பல் அந்தக் கடற்கரையிலதான் குவியும். அந்தக் கிடங்கே தற்காலிகம்தானாம். நிரந்தர இடம் எதுன்னு கேட்டா பதில் இல்லை.

கரண்ட் ஊருக்கெல்லாம், சாம்பல் கடலோரத்துக்கு மட்டும்னா, "ஏன்"னு கேக்கற உரிமை முதல்ல அங்க வலை வீசறவனுக்குத்தான். கடைசியா அது எந்த ஊர்ல, எந்த மண்ணுக்கடியில போகும்னு எழுதிக் குடுங்க. அதுக்கப்புறம் என் வீட்டு ஃபேனைப் பத்திப் பேசுவோம்.